75 மில்லிமீற்றர்: ஊவாத் தோட்டங்களில் எச்சரிக்கையின் வரலாறு

எங்கள் கூட்டத்தில் ஒருவர் கொழும்பில் மென்பொருள் கொம்பனி ஒன்றில் வேலை செய்கிறார். பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்தில் பிறந்து வளர்ந்தவர். ஒரு நாள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டார். அவங்க செயலிக்கு அவர் புதிதாக வைத்த ஒரு தானியங்கி அலர்ட் அது. நாளாந்தப் பாவனையாளர் எண்ணிக்கை போன வாரத்தைவிட 20 வீதத்துக்கு மேல் விழுந்தால், ஐந்து பேருக்கு உடனே செய்தி போகும். ராத்திரி இரண்டு மணியானாலும் போகும். அதற்குக் கீழே அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "இத செட் பண்ண பத்து நிமிஷம் போச்சு. எங்க லயத்துக்குப் பின்னால இருக்குற மலைக்கு யாரு செட் பண்ணினா?"

குழுவில் கொஞ்ச நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. பிறகு ஆளாளுக்குத் தெரிந்ததைப் போட ஆரம்பித்தார்கள். அந்தப் பேச்சிலிருந்து வந்ததுதான் இந்தக் கட்டுரை. மலைக்கும் அலர்ட் இருக்கிறது. அதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது, எல்லைக்கோடுகளும் இருக்கின்றன. அப்படியிருந்தும் ஏன் எங்கள் ஆட்கள் புதைந்தார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஒரு அலர்ட்டில் என்னென்ன இருக்கு?

முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். எந்தக் கருவியில் அலர்ட் வைத்தாலும் அது ஐந்து கேள்வி கேட்கும். எதை அளக்கப் போகிறாய்? எந்த எல்லையைத் தாண்டினால் சத்தம் போடணும்? எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை பார்க்கணும்? யாருக்குச் சொல்லணும்? சொன்ன பிறகு அவர் என்ன செய்யணும்?

முதல் நான்கையும் திரையில் நிரப்பிவிடலாம். ஐந்தாவதுக்கு எந்தக் கருவியிலும் பெட்டி கிடையாது. அதை மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். செய்தி வந்தால் யார் எழும்பி லேப்டாப்பைத் திறப்பது, எதை நிறுத்துவது, யாரைக் கூப்பிடுவது என்று முன்கூட்டியே எழுதி வைக்காத கொம்பனியில் அலர்ட் வந்தும் ஒன்றும் நடக்காது. காலையில் எல்லோரும் போனைப் பார்த்துவிட்டு, "ஆமா, வந்திருக்கு" என்பார்கள். அவ்வளவுதான்.

இந்த ஐந்தையும் மனதில் வைத்துக்கொண்டு இப்போது தோட்டத்துக்கு வருவோம்.

தோட்டத்துக்கு அளக்கத் தெரியாதா?

ஊவாத் தோட்டங்களுக்கு அளவும் எச்சரிக்கையும் புதிதில்லை. தோட்டமே அளவில்தான் ஓடியது. விடியுமுன் பெரட்டுத் தப்பு அடிப்பார்கள். அதுதான் அன்றைய முதல் அலர்ட். சத்தம் கேட்டு எழும்பி, பெரட்டுக்களத்துக்குப் போய், பேர் கொடுத்து, மலைக்கு ஏறணும். பிந்திப் போனால் அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எங்கள் பாட்டிமார் சொல்லுவாங்க.

பிறகு கொழுந்து நிறுவை. ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு கணக்கு உண்டு. அதற்குக் கீழே போனால் அரைப்பேர். அந்த எண், தராசிலிருந்து கணக்கப்பிள்ளையின் புத்தகத்துக்கும், அங்கிருந்து செக்ரோலுக்கும், பிறகு ஆபீசுக்கும் போகும். ஒரு மலையில் கொழுந்து குறைந்தால் அன்றைக்குப் பொழுது சாயுமுன் துரைக்குத் தெரியும். அடுத்த நாள் காலை பெரட்டில் அதற்குக் கேள்வி வரும்.

இதை ஐந்து கேள்வியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அளப்பது கொழுந்து. எல்லை கிலோக் கணக்கு. தினமும் பார்க்கிறார்கள். செய்தி துரைக்குப் போகிறது. நடவடிக்கை, கூலியில் வெட்டு. ஐந்தும் நிரம்பியிருக்கிறது. நூறு வருடத்துக்கு மேலாகப் பிசகாமல் ஓடிய அலர்ட் இது.

இதே தோட்டங்கள் மழையையும் அளந்தன. ஆபீசுக்குப் பக்கத்தில் மழைமானி வைத்து, தினமும் காலையில் இஞ்சிக் கணக்கில் குறித்துவைப்பது வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலேயே இருந்த பழக்கம். இலங்கையின் மலைநாட்டு மழைப் பதிவுகளில் பெரும் பகுதி தோட்டங்களிலிருந்து வந்ததுதான். ஆனால் அந்த அளவு தேயிலைக்காக எடுக்கப்பட்டது. கொழுந்து எப்போது வரும், உரம் எப்போது போடலாம் என்று பார்ப்பதற்காக. லயத்துக்கு மேலே இருக்கும் சரிவு எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்ற கேள்வியை அந்தப் புத்தகத்திடம் யாரும் கேட்கவில்லை.

1924: இரண்டு சம்பவங்கள்

1924 ஏப்ரலில் மலைநாட்டு ரயில் பாதை பதுளை வரைக்கும் வந்து சேர்ந்தது. 

அதற்கு அடுத்த மாதம், மே 16ஆம் திகதி, அமெரிக்காவில் வெஸ்டர்ன் இலெக்ட்ரிக் கொம்பனியில் வேலை செய்த வால்டர் ஷூவார்ட் என்பவர் தன் மேலதிகாரிக்கு ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். அதில் ஒரு வரைபடம் இருந்தது. நடுவில் சராசரிக் கோடு, மேலும் கீழும் இரண்டு எல்லைக்கோடுகள். உற்பத்தி எண்கள் அந்தக் கோடுகளுக்குள்ளே ஏறி இறங்கினால் அது சாதாரணம், விட்டுவிடு. கோட்டைத் தாண்டினால் ஏதோ காரணம் இருக்கு, போய்ப் பார். இன்றைக்கு நம் நண்பர் வைக்கும் அலர்ட்டுக்கெல்லாம் தாத்தா அந்தப் படம்தான்.

ஷூவார்ட்டின் கவலை முக்கியமானது. எல்லையை ரொம்பக் கிட்ட வைத்தால் தினமும் மணியடிக்கும், கடைசியில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ரொம்பத் தள்ளி வைத்தால் நிஜமான பிரச்சினை வரும்போது மணி அடிக்காது. இரண்டு தவறுக்கும் விலை உண்டு. எந்தத் தவறின் விலையை யார் கட்டுகிறார்கள் என்று பார்த்துத்தான் கோடு போட முடியும். ஒரு தொழிற்சாலையில் இது கொஞ்சம் சாமானும் காசும் சம்பந்தப்பட்ட விஷயம். மலையில் அப்படியில்லை.

மலைக்குக் கோடு போட்ட கதை

மழையை வைத்து மண்சரிவுக்கு எச்சரிக்கை கொடுக்கலாம் என்பதை நடைமுறையில் முதலில் செய்துகாட்டிய இடங்களில் ஒன்று ஹொங்கொங். அங்கே சௌ மௌ பிங் என்ற இடத்தில் 1972 ஜூனில் சரிந்த மண் 71 பேரைக் கொன்றது. அதே பகுதியில் 1976 ஓகஸ்டில் மறுபடியும் சரிந்து 18 பேர் இறந்தார்கள். 1977இல் சரிவுகளைப் பார்ப்பதற்கென்றே தனி அலுவலகம் வந்தது, மழையை வைத்து எச்சரிக்கை கொடுக்கும் முறையும் வந்தது. அவர்கள் வெறும் எச்சரிக்கையோடு நிற்கவில்லை. ஆபத்தான சரிவுகளை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்துப் பலப்படுத்தினார்கள், வடிகால் போட்டார்கள்.

இலங்கையில் 1986 ஜனவரியில் நுவரெலியா, பதுளை உள்ளிட்ட மலை மாவட்டங்களில் ஏற்பட்ட மண்சரிவுகளில் 51 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அரசு இதைத் தீவிரமாக எடுத்தது. 1984இல் தொடங்கப்பட்டிருந்த தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் பொறுப்பு போனது. 1990இல், ஐ.நா. உதவியோடு, எந்தச் சரிவு எவ்வளவு ஆபத்து என்று வரைபடம் போடும் வேலை ஆரம்பமானது. முதலில் எடுத்த இரண்டு மாவட்டங்கள் எவை தெரியுமா? நுவரெலியாவும் பதுளையும்தான். அதாவது நம் மலைகளைப் பற்றிய அறிவு இந்த நாட்டில் 30 வருடத்துக்கு மேல் பழசு.

ஏன் மழையை அளக்க வேண்டும்? மண்துகள்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருப்பதால்தான் சரிவு நிற்கிறது. தண்ணீர் இறங்கி இடைவெளிகளை நிரப்பும்போது துகள்களைத் தள்ளிவிடுகிறது, உரசல் குறைகிறது. மண்ணின் பாரமும் ஏறுகிறது. ஒரு கட்டத்தில் பிடி விட்டுவிடும். அந்தக் கட்டத்தை நேரே பார்க்க முடியாது. மழையைப் பார்க்கலாம். அதனால் மழையை மண்ணுக்குப் பதிலாக அளக்கிறோம்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பயன்படுத்தும் கோடுகள் மூன்று. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்து மழை தொடர்ந்தால் மஞ்சள்: அவதானமாக இரு. 100 மில்லிமீற்றர் தாண்டினால் செம்மஞ்சள்: வெளியேறத் தயாராக இரு. 150 மில்லிமீற்றர் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ சிவப்பு: வெளியேறு. இஞ்சியில் சொன்னால் ஏறக்குறைய மூன்று, நான்கு, ஆறு. இஞ்சிக் கணக்கு பழகிய நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இப்படிச் சொன்னால் சட்டென்று பிடிபடும்.

மீரியபெத்த

பதுளை மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில், கொஸ்லந்தைக்கு மேலே இருக்கிறது மீரியபெத்த. அங்கே லயங்கள் இருந்த இடம், முன்னொரு காலத்தில் மேலேயிருந்து சரிந்து வந்த மண்ணும் கல்லும் தங்கிய நிலம். அதாவது மலை ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியிருந்தது.

2005இல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொன்னது: இந்த இடம் ஆபத்து, ஆட்களை அகற்றுங்கள். 2011இல் மறுபடியும் சொன்னது.

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. தீபாவளி முடிந்து சரியாக ஒரு வாரம். ராத்திரி முழுக்க மழை. காலை ஏழரை மணியளவில் மலை இறங்கியது. லயங்கள், கோயில், கடை எல்லாம் மண்ணுக்குள் போனது. அந்த நேரத்துக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, அம்மா அப்பாவும் இல்லை. முதல் நாட்களில் நூற்றுக்கணக்கானோர் என்று செய்திகள் சொன்னன. பிறகு இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 37 பேர் என்று கணக்கு நின்றது. பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. அவர்கள் இன்னும் அந்த மண்ணுக்குள்தான்.

நேரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். இலங்கையில் வழமையான மழைமானியைக் காலை எட்டரை மணிக்குத்தான் வாசிப்பார்கள், முந்தைய 24 மணி நேரத்து மழைக்காக. மீரியபெத்த சரிந்தது அதற்கு முன்பு. நாளைக்கு ஒரு தடவை பார்க்கும் அளவு, அன்றைக்கு எவ்வளவு சரியாக இருந்திருந்தாலும், ஒரு மணி நேரம் பிந்தித்தான் பேசியிருக்கும். எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும் என்ற மூன்றாவது கேள்வி எவ்வளவு கனமானது என்று இங்கே தெரிகிறது.

ஆனால் மீரியபெத்தையில் தோற்றது அந்த மூன்றாவது மட்டுமா? 2005க்கும் 2014க்கும் இடையில் ஒன்பது வருடம் இருந்தது. ஒன்பது வருடத்துக்கு எந்த மழைமானியும் தேவையில்லை. "போங்க" என்றார்கள். எங்கே போவது? இதற்கு யாரும் பதில் வைத்திருக்கவில்லை.

இதைப் பற்றிப் பேசும்போது, "சொன்னாங்க, ஆனா அந்த ஆளுங்க கேக்கல" என்ற வசனத்தை 2014இலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். லயக் காம்பரா அதில் குடியிருப்பவருக்குச் சொந்தமில்லை. நிலம் அரசாங்கத்துடையது, 1992க்குப் பிறகு நிர்வாகம் பிராந்தியத் தோட்டக் கொம்பனிகளுடையது. விற்று வேறிடம் வாங்க அங்கே நம் பேரில் ஒன்றுமே கிடையாது. தோட்டத்தை விட்டு வெளியே போனால் வேலையும் போகும். உள்ளே வேறொரு மூலையில் ஒரு கூரை போடலாமா என்றால், அதற்கு அனுமதி கொடுக்க வேண்டியவர் துரை.

அரசின் கீழ்மட்டம் என்ன செய்தது? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டப்படி, தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் தங்கள் காசில் வேலை செய்ய வழியில்லாமல் இருந்தது. தோட்டம் தனியார் எல்லை என்று கருதப்பட்டது. நாம் வாக்குப் போட்டுத் தேர்ந்த சபையே நம் லயத்துக்கு ஒரு கானைக்கூட வெட்டித்தர முடியாது. அந்தச் சட்டம் திருத்தப்பட்டது 2018இல், மீரியபெத்த புதைந்து நான்கு வருடம் கழித்து.

ஆகவே எச்சரிக்கை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து மாவட்டத்துக்கும், மாவட்டத்திலிருந்து பிரதேசச் செயலகத்துக்கும், அங்கிருந்து தோட்டத்துக்கும் வந்து, கடைசியில் லயத்து வாசலில் நின்றுவிட்டது. வாசலில் இருந்தவருக்கு அதை வைத்துச் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு

தப்பியவர்கள் நீண்ட நாள் மாகல்தெனிய பழைய தேயிலைத் தொழிற்சாலை போன்ற இடங்களில் தங்கவைக்கப்பட்டார்கள். 2016 ஒக்டோபரில் பூனாகலைப் பக்கம் 75 புதிய வீடுகள் கையளிக்கப்பட்டன. சரிந்து இரண்டு வருடத்தில் வீடு கட்ட முடிந்தது. அப்படியானால் எச்சரித்த ஒன்பது வருடத்தில் கட்டியிருக்கலாம் என்று சொல்லுவது குற்றமா?

மழைமானிகளும் மாறின. ஜப்பான் உதவி உள்ளிட்ட பல திட்டங்கள் மூலம் தானியங்கி மழைமானிகள் மலை மாவட்டங்களில் பரவலாக வந்தன. வேலை செய்யும் விதம் எளிமையானது. உள்ளே ஊஞ்சல் மாதிரி இரண்டு சின்ன வாளிகள் இருக்கும். ஒன்று நிரம்பினால் சாய்ந்து கொட்டும், மற்றது நிரம்பத் தொடங்கும். ஒவ்வொரு சாய்வும் ஒரு எண்ணிக்கை. அந்த எண்ணிக்கை போன் வலையமைப்பு வழியாக நிலையத்துக்குப் போகும். கோட்டைத் தாண்டினால் அங்கே தெரியும். யாரும் காலை எட்டரை வரை காத்திருக்க வேண்டாம். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது பெரிய முன்னேற்றம், இதைச் செய்த பொறியியலாளர்களுக்கு நாங்கள் நன்றி சொல்கிறோம்.

ஆனாலும் மலைகள் இறங்குவது நிற்கவில்லை. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மண்சரிந்து லயங்கள் இடிந்தன. மறுபடியும் முகாம், மறுபடியும் காத்திருப்பு.

ஏன் எழும்பிப் போவதில்லை?

அலர்ட் வைக்கிறவர்கள் அதிகம் பேசுவது அலர்ட் களைப்பைப் பற்றி. ஒரு வாரத்தில் நாற்பது தடவை அடித்தால், நாற்பத்தியோராவதை யாரும் திறக்க மாட்டார்கள். அதனால் தேவையில்லாததை அணை, எல்லையைச் சரிசெய், முக்கியமானதை மட்டும் வை என்பார்கள். நல்ல புத்திமதிதான்.

தோட்டத்தில் அந்தக் களைப்புக்கு வேறொரு முகம் இருக்கு. மஞ்சள் வருகிறது, செம்மஞ்சள் வருகிறது. ராத்திரியில் பிள்ளைகளையும் வயசானவங்களையும் கூட்டிக்கொண்டு, நனைந்தபடி, பள்ளிக்கூடத்துக்கோ கோயில் மண்டபத்துக்கோ போகிறோம். நூறு பேருக்கு இரண்டு கக்கூஸ். பொம்பளப் பிள்ளைகளுக்கு மறைவாக உடுப்பு மாற்ற இடமில்லை. விடிகிறது, மலை சரியவில்லை. திரும்பி வந்தால் கோழியைக் காணோம். அன்றைக்கு வேலைக்குப் போகாததால் பேரும் இல்லை, நாள்கூலி போச்சு. அடுத்த தடவை சிவப்பு வந்தால் ஒரு தாய் என்ன முடிவெடுப்பாள்? அவளை அறியாதவள் என்று சொல்ல முடியுமா? அவள் தவறான எச்சரிக்கையின் விலையைத் தன் கையிலிருந்து கட்டியவள். கோடு போட்டவர்கள் யாரும் அந்த விலையைக் கட்டவில்லை.

ஷூவார்ட் கேட்ட கேள்வி இங்கே திரும்ப வருகிறது. மலை விஷயத்தில் கோட்டைக் கிட்ட வைப்பதுதான் சரி, பத்து தடவை வீணாகப் போனாலும் பரவாயில்லை. உயிர் போனால் திரும்ப வராது. ஆனால் அப்படிக் கிட்ட வைத்தால், வீணாகப் போகிற ஒன்பது ராத்திரியின் செலவை யாராவது ஏற்க வேண்டும். அந்த நாளுக்குக் கூலி கொடுக்கணும். தங்கப் போகும் இடம் மனிதர் தங்கக்கூடியதாக இருக்கணும். இதைச் செய்யாமல், "மக்கள் ஒத்துழைக்கவில்லை" என்று அறிக்கையில் எழுதுவது நியாயமில்லை.

கடல் தாண்டியும் இதே லயம்தான்

இது இலங்கையின் கதை மட்டுமில்லை. 2020 ஓகஸ்ட் 6 ராத்திரி, கேரளத்தின் மூணாறுக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் மலை இறங்கி, தேயிலைத் தோட்டத்து லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த 70 தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தவர்கள் இறந்தார்கள். மழையில் மின்சாரமும் போன் தொடர்பும் அறுந்திருந்ததால், மலை சரிந்த செய்தியே விடிந்த பிறகுதான் வெளியே போனது. சுற்றியிருக்கிற எல்லா அலர்ட்டும் கோபுரத்தை நம்பி இருக்கும்போது, கோபுரம் விழுந்தால் என்ன செய்வது என்பதற்கு அங்கேயும் பதில் இருக்கவில்லை.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் இலங்கைக்குள் நுழைந்தபோது இதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. நாடு முழுக்க 600 பேருக்கு மேல் இறந்தார்கள். மண்சரிவில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. சிவப்பு எச்சரிக்கைகள் வெளியாகியிருந்தன. ஆனால் மின்சாரம் இல்லை, சிக்னல் இல்லை, பாதை இல்லை. தமிழில் அறிவிப்பு பிந்தி வந்தது, சில வரவே இல்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது.

நண்பரின் கருவியில், "யாருக்கு" என்ற பெட்டியில் ஐந்து மின்னஞ்சல் முகவரி இருந்தது. அந்த ஐந்து பேருக்கும் புரியாத மொழியில் செய்தி போனால், அதை வைத்தவரைக் கொம்பனியில் சும்மா விடுவார்களா? தமிழ் இந்த நாட்டில் அரசகரும மொழி. மலை சரியும் மாவட்டங்களில் லயத்தில் இருப்பவர் பேசும் மொழி அதுதான். மொழிபெயர்ப்பாளர் வரும்வரைக்கும் மழை காத்திருக்காது. மூன்று கோட்டுக்கும் மூன்று செய்தி. அதைத் தமிழில் முன்கூட்டியே எழுதி, குரலில் பதிந்து வைத்திருந்தால், அனுப்ப ஒரு நிமிஷம் போதும். இதற்குப் பெரிய காசு தேவையில்லை.

நாங்கள் என்ன செய்யலாம்?

நிலமும் வீடும்தான் கடைசிப் பதில். அதில் சந்தேகமே வேண்டாம். ஆபத்தான சரிவில் இருக்கும் லயத்தை மாற்ற வேண்டும், காணியுரிமையோடு மாற்ற வேண்டும். 1823இலிருந்து கணக்குப் பார்த்து 200 வருடம் கொண்டாடிய சமூகத்துக்கு, ஓடிப்போய் நிற்க ஒரு துண்டு நிலம் கேட்பது பெரிய ஆசையில்லை. அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம்.

அது வரைக்கும் மழை பெய்யும். எனவே எங்கள் குழுவில் நாங்கள் பேசி முடிவு செய்த சிலதைச் சொல்கிறோம். உங்க தோட்டத்திலும் செய்து பார்க்கலாம்.

மேலும் கீழும் ஒரே அகலமாக இருக்கிற, தட்டையான அடியுள்ள ஒரு கண்ணாடிப் போத்தலையோ டின்னையோ எடுங்கள். மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் நேராக வையுங்கள். உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தால் அதுதான் மழை. 75இலும் 100இலும் 150இலும் மூன்று நிறத்தில் கோடு போடுங்கள். இது ஆராய்ச்சி நிறுவனத்தின் கருவிக்கு மாற்றில்லை. ஆனால் சிக்னல் இல்லாத ராத்திரியில் இது பேசும். மழை விடாமல் பெய்தால் மணிக்கு ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்க்க, முறை வைத்து இரண்டு பேர் இருக்கணும்.

போத்தல் மட்டும் போதாது, மலையையும் பாருங்கள். நிலத்தில் புது வெடிப்பு, சுவரில் வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது மின்கம்பம், திடீரென்று இறுகிப்போன கதவு, புதிதாகக் கிளம்பிய ஊற்று, வழமையாக ஓடும் ஊற்று நின்றுபோவது அல்லது கலங்கி வருவது. இதில் ஒன்று தெரிந்தாலும் எந்தக் கோட்டுக்கும் காத்திருக்க வேண்டாம்.

பிறகு அந்த ஐந்தாவது கேள்வி. லயத்துக்கு லயம் ஒரு தாளில் எழுதுங்கள். படுக்கையில் இருக்கும் தாத்தாவை யார் தூக்குவது? கர்ப்பிணி யார் வீட்டில்? எந்தப் பாதையால் போவது, எந்தப் பாதையில் தண்ணீர் வரும்? பள்ளிக்கூடத்துச் சாவி யாரிடம்? ராத்திரி ஒரு மணிக்கு அவர் கதவைத் திறப்பாரா? இதை அதிபரிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் இப்போதே, வெயில் அடிக்கும்போதே கேளுங்கள். வெளியேறிய நாளுக்குப் பேர் போடுவதைப் பற்றித் தொழிற்சங்கத்திடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று. போன் வேலை செய்யாத ராத்திரியில் ஒரு தோட்டம் முழுக்கக் கேட்கும் சத்தம் எது? எங்கள் குழுவில் இதற்குப் பதில் சொன்னது ஸ்கிரீன்ஷாட் போட்ட அதே நண்பர்தான். அவருடைய தாத்தா பெரட்டுத் தப்பு அடித்தவர். நூறு வருடமாக எங்களை வேலைக்கு எழுப்பிய தப்பு. "அத எடுத்து வச்சிருக்கோம். தோல மட்டும் மாத்தணும்" என்றார். வருகிற தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது மாற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். போத்தலில் சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தொட்டால் யார் அதை அடிப்பது என்பதையும் தாளில் எழுதிவிட்டார்கள்.